இடுப்பில் பம்ப், ஆணியில் கத்திரி

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் பொத்தான். முத்துப் பொத்தான், துணி மூடிய பொத்தான், மறுபடி முத்துப் பொத்தான். பதினெட்டு வருடமாகக் கல்யாண கவுன் வெட்டிய கை இது. என் கத்திரி சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டு நான் பொத்தான் தைப்பதை வேடிக்கை பார்க்கிறது.

ஆணி எங்கள் கடை வழக்கம், மாமனார் காலத்திலிருந்து உண்டு. துணியைக் கெடுத்தவர் யாராக இருந்தாலும் தன் கத்திரியைத் தானே கொண்டுபோய் மாட்டிவிட்டு ஊசி வேலைக்கு உட்கார வேண்டும். எப்போது திரும்ப எடுக்கலாம் என்பதை வெட்டு மேசையில் நிற்பவர் சொல்வார். இப்போது மேசை என் நாத்தனாருடையது. மாமனார் கடையை மகனுக்குக் கொடுக்கவில்லை, மகளுக்குக் கொடுத்தார். மகனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, நேர்கோடே வெட்ட வராது. அதனால் அவர் லாரி ஓட்டுகிறார். நியாயமான பங்கீடு.

நான் என்ன கெடுத்தேன்? போன மாதம் ஒரு மணப்பெண்ணுக்கு இரண்டு வலது கை வெட்டினேன். சாட்டின் துணியை ஒற்றையாக விரித்து, கைக்கான காகித மாதிரியைத் திருப்பிப் போடாமல் இரண்டு தடவையும் ஒரே பக்கமாக வைத்து வெட்டிவிட்டேன். வெட்டும்போது எல்லாம் பிரமாதமாக நடப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. பாட்டுகூட முணுமுணுத்தேனாம். சர்க்கரை நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.

நாத்தனார் முதலில் எனக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். நான் தெளிந்து உட்காரும் வரை முதுகைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் துணியைப் பார்த்தாள். அந்த வரிசையை நான் மறக்க மாட்டேன். ஆனால் மறுநாள் காலையில், என்னைவிட எட்டு வயது சின்னவள், நேராக என் முகத்தைப் பார்த்து, "அண்ணி, கத்திரிய மாட்டிருங்க" என்றாள்.

மாட்டினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆஸ்பத்திரி. என் கணையம் பதினாறு வயதிலேயே கடையை மூடிவிட்டது. அன்றிலிருந்து நாளைக்கு நாலு ஊசி: வேளைக்கு ஒன்றாக மூன்று, நாள் முழுக்க நிற்கிற மருந்து ஒன்று. மொத்தம் எத்தனை என்று பெருக்கிப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சர்க்கரை நோய்ப் பிரிவு நர்ஸ் என் தொடையை விரலால் அமுக்கிப் பார்த்தார். நான் வெட்டுமுன் துணியில் குறை தேடுவது போல, மெதுவாக, ஓரம் ஓரமாக. "இங்க பாருங்க, கட்டி கட்டியா இருக்கு. ஒரே எடத்துல குத்திக் குத்தி மரத்துப்போச்சு. மருந்து உள்ள தங்கிக்கிட்டு அது நெனச்ச நேரத்துக்கு இறங்குது. உங்க கணக்கு தப்பு இல்லம்மா."

என் கணக்கு தப்பு இல்லை. இதைக் கேட்க எத்தனை வருடம் ஆயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பார்க்காதது மாதிரி பேனாவைத் தேடினார்.

பம்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். தீப்பெட்டியைவிடப் பெரிது, மூக்குக் கண்ணாடிக் கூட்டைவிடச் சின்னது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுக்குப் போகும். சொட்டுச் சொட்டாக நாள் முழுக்க இன்சுலின் இறங்கும். கையில் ஒட்டிய சென்சார் வில்லை சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கீழே போனால் பம்ப் தானாக நிறுத்திக்கொண்டு கத்தும்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "கயிறு கட்டிக்கிட்டு அலைய நான் என்ன மாடா?" என்றேன். "மாடு இவ்வளவு பேசாது" என்றார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கேட்டே விட்டேன். எப்போது கத்திரியை எடுக்கலாம்?

நாத்தனார் வாயில் குண்டூசிகளோடு இருந்தாள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஊசி மெத்தையில் குத்தி முடித்த பிறகு சொன்னாள்: "சக்கரை ஒரு நிலைக்கு வரட்டும் அண்ணி. துணி போனா வேற துணி. உங்க கையில இருக்கிறது பத்து இஞ்ச் இரும்பு."

துணிக்காகச் சொல்கிறாளா, எனக்காகச் சொல்கிறாளா? அவள் முகத்தில் இதையெல்லாம் படிக்க முடியாது.

பிப்ரவரி 19, வியாழன்

பம்ப் பயிற்சிக்கு வீட்டிலிருந்து ஒருவர் கூட வர வேண்டுமாம். இவர் லாரியோடு எங்கேயோ மலைப்பாதையில் இருக்கிறார். தனியாகப் போகலாம் என்று கிளம்பினால், நாத்தனார் கடையைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். காய்ச்சலிலும் கடையைப் பூட்டாதவள். எங்கள் கடை இஸ்திரிக்காரர் என்னிடம், "என்னம்மா, யாராவது தவறிட்டாங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

வகுப்பில் ஆறேழு பேர். மற்றவர்கள் வலிக்குமா, குளிக்கலாமா என்று கேட்டார்கள். நாத்தனார் கேட்டவை வேறு. ஊசி எந்தச் சாய்வில் இறங்க வேண்டும்? ஒட்டுப் பட்டையின் ஓரம் நாலு மூலையாக வெட்டியிருப்பது ஏன், மூலை இருந்தால் மடியாதா? குனிந்தால் குழாய் எவ்வளவு இழுபடும்? நர்ஸ் முதலில் சிரித்தார், பிறகு நாற்காலியை இழுத்து இவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "வேணும்னா வெறும் உப்புத்தண்ணி போட்டு நீங்களும் ஒன்னு மாட்டிப் பாக்கலாம், சில வீட்டுக்காரங்க செய்வாங்க" என்றார்.

நாத்தனார் உடனே சட்டை ஓரத்தைத் தூக்கினாள்.

ஊசி என்றால் தையல் ஊசி மட்டும்தான் அவளுக்குப் பழக்கம். தடுப்பூசிக்கே கண்ணை மூடுகிறவள். இன்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தன் வயிற்றில் தானே ஊசியால் குழல் முனையை ஏற்றினாள். எனக்கு உப்புத்தண்ணீர் பம்ப் மாட்டியது அதற்குப் பிறகுதான். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இவளைப் பற்றி இந்த மாதம் நான் நினைத்தது எதுவும் எழுதும்படியானது அல்ல.

பிப்ரவரி 22, ஞாயிறு

உப்புத்தண்ணீர் பம்போடு மூன்று நாள் வேலை செய்தாள். மேசை விளிம்பில் இடித்துக்கொண்டாள். ஒரு தடவை கதவுப் பிடியில் குழாய் மாட்டிச் சுண்டிவிட்டது. "யப்பா" என்றாள், குழாயை நேராக்கிக்கொண்டு வெட்டப் போனாள். எங்கே இடிக்கிறது, எங்கே இழுக்கிறது என்று தன் உடம்பிலேயே அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள். அளவு எடுக்காமல் எதையும் நம்பாத பிறவி.

பிப்ரவரி 25, புதன்

என் வேலைச் சட்டைகள் எல்லாவற்றுக்கும் உள்ளே பை வந்துவிட்டது. இடுப்புக்குச் சற்றுக் கீழே, லைனிங்கில், பம்ப் படுத்துக்கொள்ளும் சாய்வில். குழாய் வெளியே வரச் பொத்தான் துளை மாதிரி சின்னதாக ஒரு காஜா. குனிந்தால் இழுக்காமலிருக்க ஒரு வளைவு தொங்க விட்டிருக்கிறாள். பையின் துணி மிச்ச சாட்டின். எந்தச் சாட்டின் என்று எனக்குத் தெரியும். இரண்டு வலது கையில் ஒன்று.

திட்டுகிறாளா, கொஞ்சுகிறாளா? போட்டுப் பார்த்தேன். பம்ப் இருப்பதே தெரியவில்லை. இந்த ஊரில் வேறு யாரும் இப்படித் தைக்க முடியாது.

மார்ச் 2, திங்கள்

மாட்டியாயிற்று. இந்த முறை உண்மையான இன்சுலின்.

நீண்ட நேர மருந்து இனி இல்லை. உள்ளே இறங்குவதெல்லாம் இந்தக் குழாய் வழியாகத்தான். "குழாய் நின்னா சில மணி நேரத்துல சக்கரை ஏறிடும், அதை மட்டும் மறக்காதீங்க" என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். பழைய ஊசிப் பேனாவை அவசரத்துக்குக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் சட்டையைத் தூக்கவில்லை, மறைவிடம் தேடவில்லை. பொத்தானை அமுக்கினேன், சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார், "அவ்வளவுதானா?" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

காலையில் தொடையைத் தடவிப் பார்த்தேன். மூன்று நாளாக யாரும் குத்தவில்லை என்று அது இன்னும் நம்பவில்லை.

மார்ச் 11, புதன்

கோபம் அடங்கட்டும் என்று இருந்தேன். அடங்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஒரு மணப்பெண்ணின் அம்மா துணி கொண்டுவந்தார். கையாலேயே பின்னிய லேஸ் பூவேலை, பழைய வெண்ணெய் நிறம். அவருடைய அம்மா தன் கல்யாணத்துக்கு வாங்கி, உடுத்தாமலேயே வைத்திருந்ததாம். அளந்து பார்த்தால் ஒரு கவுனுக்குச் சரியாக இருக்கிறது, விரற்கடை மிச்சம் கிடையாது. இப்படிப்பட்ட துணி வெட்டுகிறவள் வாழ்நாளில் ஒரு தடவை வரும்.

பத்து நாளாக என் சர்க்கரை சமர்த்தாக இருக்கிறது. நேற்று ஒரே ஒரு தடவை இறங்கப் பார்த்தது. பம்ப் நிறுத்திக்கொண்டது, கத்தியது, நான் பழச்சாறு குடித்தேன், கால் மணியில் சரி. நாத்தனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதனால் தைரியமாகக் கேட்டேன், இதை நான் வெட்டட்டுமா என்று.

"இதை நானே வெட்டிக்கிறேன் அண்ணி. நீங்க இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

இன்னும் எவ்வளவு நாளு? யாரு கணக்கு இது? பம்பு மாட்டுன்னா மாட்டியாச்சு. நிலைக்கு வரட்டும்னா வந்தாச்சு. நான் என்ன நேத்து வந்த தையக்காரியா? இவ கத்திரி புடிக்கக் கத்துக்கிட்டப்ப மேசைக்கு அந்தப் பக்கம் யாரு நின்னா? நான் நின்னேன்.

இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு பொத்தான் டப்பாவைத் திறந்தேன். டப்பா மூடிதான் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

மார்ச் 13, வெள்ளி

கோபம் குறைந்திருக்கிறது. நாத்தனார் ஓர் அளவு எடுப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், கோபமாகவே பார்த்தேன், ஆனாலும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பூவேலைக் கவுன் மணப்பெண்ணின் இடது தோள் லேசாக இறங்கியிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் சொல்லாமலே, இடப்பக்கம் உள்ளே ஒரு மெல்லிய அடுக்கு வைக்கக் குறித்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்க்கும்போது அந்தப் பெண் தன்னை நேரானவளாகப் பார்ப்பாள்.

இவளிடம் ஒரு வியாதியும் உண்டு. நூல் தொங்கினால் பொறுக்காது. வாடிக்கையாளர் உள்ளே வருமுன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, எங்கே நூல் தெரிகிறதோ அங்கே சின்னக் கத்திரியால் நறுக்கிவிடுவாள், பேசிக்கொண்டே. இஸ்திரிக்காரர் மீசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

மார்ச் 16, திங்கள் (செவ்வாய் காலை எழுதியது)

நேற்று எழுதத் தெம்பில்லை.

காலையில் மணப்பெண்ணும் அவள் அம்மாவும் வருவதாக இருந்தது. கடை முழுக்க மணி கோக்கும் நைலான் நூல், கண்ணாடி மாதிரி. மதியம் வழக்கம்போல் பொத்தானை அமுக்கிவிட்டுச் சாப்பிட்டேன். அதன் பிறகு நாக்கு வறண்டது. சென்சார் அம்புக்குறி மேலே காட்டியது. சாப்பாட்டைத் தப்பாகக் கணக்கிட்டிருப்பேன் என்று இன்னும் கொஞ்சம் மருந்து அமுக்கினேன். பம்ப் சமர்த்தாக "கொடுத்தாச்சு" என்றது. சர்க்கரை முந்நூறைத் தாண்டியது, பிறகு இன்னும் மேலே. குமட்டல். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணி, உங்க சட்டை ஓரத்துல ஈரம். துணி கிட்ட நிக்காதீங்க" என்று நாத்தனார் அதட்டினாள். அதட்டிக்கொண்டே வந்து ஓரத்தைப் பிடித்தாள். முகர்ந்தாள். ஆஸ்பத்திரி வாசனை. மூன்று நாள் தானும் பம்ப் மாட்டி, வகுப்பில் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தவள் அல்லவா. ஒரு நொடியில் சட்டையைப் புரட்டினாள்.

குழாயின் வளைவு இல்லை. காஜாவுக்குக் கீழே இரண்டு முனைகள் தொங்கின. பம்பின் பக்கத்து முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக லைனிங்கில் இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நான் அமுக்கியதெல்லாம் துணிக்குத்தான் போயிருக்கிறது.

முனைகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே சாய்வு. எங்கள் கடையில் இடது கைக்காரி ஒருத்திதான், அவள் வெட்டு மட்டும் எதிர்ப்பக்கம் சாயும். "எங்கேயாவது மாட்டி அறுந்திருக்கும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அறுந்தது இல்ல" என்றாள் நாத்தனார். எல்லோருக்கும் கேட்கும்படி, சாதாரணக் குரலில். "வெட்டினது. இது என் வெட்டு. காலைல சட்டை ஓரத்துல தொங்கினத நூலுன்னு நறுக்கிட்டேன்."

காலையில் வந்த மணப்பெண்ணின் அம்மா இன்னும் இருந்தார், இஸ்திரிக்காரர் இருந்தார், தைக்கிற பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியாமல் விட்டிருக்கலாம். நர்ஸ்கூடக் குழாயில் விரிசல் என்றுதான் நினைத்திருப்பார்.

பிறகு அவள் செய்ததை எழுதி வைக்க வேண்டும். போனை ஒலிபெருக்கியில் போட்டு நர்ஸைக் கூப்பிட்டாள். "நான்தான் குழாய வெட்டிட்டேன், இப்ப என்ன செய்யணும்?" ஒரு சுற்று வளைத்துப் பேசவில்லை. நர்ஸ் சொல்லச் சொல்ல, என் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அளவு வைத்து, இரண்டு தடவை என்னிடம் காட்டி, என் கையிலேயே ஊசி போட்டாள். தடுப்பூசிக்குக் கண்ணை மூடுகிறவள். பழைய குழாய் செட்டைக் கழற்றினாள். வயிற்றின் மறுபக்கத்தைத் துடைத்து, புதுக் குழலை ஏற்றினாள். ஒட்டுப் பட்டையின் மூலைகளை முன்னாலேயே வட்டமாக நறுக்கியிருந்தாள், மடியக் கூடாது என்று. சிறுநீரில் நச்சு ஏறியிருக்கிறதா என்று காட்டும் பட்டையில் லேசான நிறம்தான், ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், தண்ணீர் குடித்துக்கொண்டு மணிக்கொரு தடவை பாருங்கள் என்றார் நர்ஸ். இருட்டும் நேரம் சர்க்கரை இருநூறுக்குள் வந்தது.

அப்போதுதான் அவள் தண்ணீர்ப் பானைப் பக்கம் போய், திரும்பி நின்று அழுதாள். முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. போய்ப் பிடித்துக்கொண்டேன். "நான் உங்கள கொன்னுருப்பேன் அண்ணி" என்றாள். "ஒரு கையாலயா? எனக்குத்தான் ரெண்டு வலது கை வெட்டத் தெரியும்" என்றேன். சிரிப்பு வரவில்லை, ஆனால் மூக்கைத் துடைத்தாள்.

வீட்டுக்காரர் போனில் எல்லாம் கேட்டுவிட்டு, "யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். தங்கையிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், யானை என்றதற்குத்தான் சண்டைக்கு வருவாள் என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஆணிதான். என் கத்திரி அங்கே இல்லை. அதே ஆணியில் இடது கைக் கத்திரி தொங்கியது.

நாத்தனார் ஓரம் மடிக்கும் முக்காலியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். வெட்டு மேசையில் அந்தப் பூவேலைத் துணி விரித்திருந்தது. பக்கத்தில் என் கத்திரி, எண்ணெய் போட்டுத் துடைத்து.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்தக் கடையில் எல்லாக் குடமும் பொன்குடம்தான் போலிருக்கிறது. வழக்கம் துணியைக் கெடுத்தவருக்குத்தானே, குழாய்க்கு இல்லையே என்றேன். "துணிய விடப் பெருசு அண்ணி. வெட்டுங்க. அடுத்த வாரம் தைக்க ஏறணும்."

வெட்டவில்லை. இன்று கோடு மட்டும் போட்டேன்.

மார்ச் 18, புதன்

வெட்டினேன்.

தொடங்குமுன் பார்த்தேன்: நூற்றுப் பதினெட்டு, அம்பு நேராக. உடல் பகுதி முடிந்தது, பாவாடையின் பெரிய வளைவில் பாதி தூரம் போயிருந்தேன். பம்ப் கத்தியது. இறங்கப் போகிறது என்கிற எச்சரிக்கை. நல்ல துணியின் நடுவில், விரற்கடை மிச்சமில்லாத இடத்தில்.

முன்பெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது, பாடிக்கொண்டே வெட்டிக்கொண்டு போவேன். இன்று கத்திரியைத் துணியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தேன். பழச்சாறு குடித்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்தச் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. தையல் மெஷின்கள் நின்றன. இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கியபடியே நின்றார். நாத்தனாரின் ஊசியும் பாதி தையலில் நின்றது. முக்காலி என் பக்கம் முதுகு காட்டிப் போட்டிருந்தது. அவள் எழுந்து வருவாள் என்று காத்திருந்தேன், குறைந்தது எத்தனை இருக்கிறது என்று கேட்பாள் என்று. அவள் திரும்பவில்லை. கழுத்து நரம்பு தெறித்து நின்றது, ஆனால் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஊசி மறுபடி ஓடத் தொடங்கியது.

இவள் வாழ்க்கையில் செய்த மிகக் கடினமான வேலை அதுவாகத்தான் இருக்கும். தையல் ஊசியும் மருந்து ஊசியும் எனக்காகப் பிடித்தவள். இதை நான் அவளிடம் நேரில் சொல்லப் போவதில்லை. சொன்னால் "மடிப்பு கோணுது அண்ணி" என்பாள்.

எண் நூறைத் தாண்டியது. எழுந்து வளைவை முடித்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

இப்போது மேசையில் நிற்பவள் நான். ஆகவே ஆணியைப் பற்றிச் சொல்ல வேண்டியவளும் நான்தான். ஒரு வாரம் சும்மா இருந்து பார்த்தேன், அதிகாரம் ருசியாகத்தான் இருந்தது. இன்று, "போதும், எடு" என்றேன்.

"கவுன் கடைய விட்டுப் போகட்டும்" என்றாள். பிடிவாதம் பரம்பரைச் சொத்து. என் வீட்டுக்காரருக்கும் உண்டு.

மார்ச் 30, திங்கள்

கவுன் போயிற்று. மணப்பெண் கண்ணாடி முன் நின்றபோது அவள் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். தோள் நேராக இருந்தது. "யாரு வெட்டினது?" என்று நாத்தனாரைத்தான் கேட்டார். அவள் முழங்காலிட்டுக் கீழோரத்தைச் சரிசெய்துகொண்டே, "எங்க அண்ணி" என்றாள்.

ஏப்ரல் 8, புதன்

நர்ஸிடம் போய்வந்தேன். தொடைக் கட்டிகள் இளகத் தொடங்கியிருக்கின்றனவாம். என்னுடையதைப் போன்ற பம்ப் பைகளை மற்றவர்களுக்கும் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். நாத்தனாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். குழாய்க்கு இப்போது சிவப்பு நூலால் ஓர் உறை சுற்றியிருக்கிறாள். யாரும் பிசிறு நூல் என்று நினைக்க முடியாது, கண்ணைக் குத்துகிற சிவப்பு.

ஏப்ரல் 17, வெள்ளி

ஆணி காலி. எதிரெதிரே நின்று வெட்டுகிறோம், அவள் இடது கை, நான் வலது கை. இன்று காலையிலிருந்து மூன்று தடவை முழங்கை இடித்துக்கொண்டது. மத்தியானம் தச்சர் வந்து நீளம் அளந்துகொண்டு போனார். புது மேசை, இரண்டு பேர் நிற்கிற அகலத்தில். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள்.